சூட்டுப் பெட்டி

புளித்த கஞ்சியும் சூடேறிய செம்பும் ஊறிப்போன கம்பளமும் ஒன்றாகக் கலந்து எழுப்பும் நாற்றத்தை முகர்ந்தவர்கள் இன்று அதிகம் இருக்க வழியில்லை. நான் முகர்ந்திருக்கிறேன். மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து வெள்ளையரோடு போரிட்ட அவசரகாலத்தின்போது, புக்கிட் ரோத்தானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், துரையின் மகிழுந்துக்குள் தலையை நுழைத்து முகர்ந்தேன். அந்த நாற்றம் புறப்பட்ட பொருளுக்குத் தோட்டத்தார் இட்டிருந்த பெயர் சூட்டுப் பெட்டி. அந்தப் பெயரால் ஒரு மனிதர் மனைவி மக்களோடு கப்பலேற்றப்பட இருந்தார். இத்தனை காலம் கடந்த பின்பும் அதை எண்ணும்போது எனக்கு இரக்கத்துக்கு முன்னால் குமட்டல்தான் வருகிறது.

துரையின் வண்டி போருக்கு முன்பு இங்கிலாந்தில் செய்யப்பட்டது. கறுப்பு நிறம், தவளைக் கண் போன்ற பெரிய விளக்குகள், தோல் இருக்கைகள். குளிர்நாட்டுக்கெனச் செய்த வண்டியாதலால், ஓட்டுபவருக்கும் பக்கத்தில் அமர்பவருக்கும் நடுவே, கால்மாட்டில், ஒரு கருநிறப் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. பொறியில் கொதிக்கும் நீர் இரண்டு ரப்பர்க் குழாய்களின் வழியே அதற்குள் வந்து திரும்பும். உள்ளே செம்புத் தகடுகள் தேனடைபோல் அடுக்கப்பட்டிருக்கும். பின்னாலுள்ள சிறு விசிறி அத்தகடுகளின் சூட்டை வாரி அமர்ந்திருப்போரின் கால்களில் வீசும்.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் இப்படியொரு கருவி எதற்கு என்று கேட்பீர்கள். துரைசானிக்காக. அந்த அம்மையார் அவ்வப்போது குளிரடிக்கும் பிரேசர் மலைக்குப் போவார். மலைப்பாதையில் காட்டிலிருந்து எந்த நேரமும் குண்டு வரலாம் என்பதால் கவச வண்டி துணைக்கு வரும். உயிரச்சம் அவரைத் தடுத்ததில்லை. கால் குளிர்வதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை.

பெட்டி ஒழுகத் தொடங்கியது. வெந்நீர் அவருடைய வெள்ளைக் காலணியின்மீது சொட்டியது. தோட்டத்து ஆலையின் பொறிகளைப் பழுதுபார்த்துவந்ததால் ‘பிட்டர்’ என்ற வேலைப் பெயராலேயே அறியப்பட்டவரைத் துரை அழைத்து, சரிசெய்யச் சொன்னார். பிட்டர் என்னைவிட மூத்தவர். அதே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, அங்கேயே மணந்து, மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையானவர். தாய் தந்தையரின் ஊர் தஞ்சைப் பக்கம் என்பதற்கு மேல் இந்தியாவைப் பற்றி அவர் அறிந்தது எதுவுமில்லை. நான் தோட்டப் பள்ளியின் ஆசிரியன். வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டைப் பிட்டருக்கு வாசித்துப் பொருள் சொல்லும் பணியைத் துரை என் தலையில் கட்டினார். அப்படித்தான் நான் அந்த வண்டிக் கொட்டகைக்குள் கால்வைத்தேன்.

கையேட்டில் கண்ட ஆங்கிலப் பெயரை எண்ணிப் பார்த்து, நல்ல தமிழில் “வெப்பக்கலம்” என்று சொன்னேன்.

“என்னாது?” என்றார் பிட்டர்.

“வெப்பக்கலம். வெப்பம் தங்கும் கலம்.”

“கலமா? சோறு போட்டுத் திங்கிற கலமா? வேணாம் வாத்தியாரே. சூடு வருது, பொட்டி மாரி இருக்கு. சூட்டுப் பொட்டி. முடிஞ்சிச்சுலா.”

அவர் இட்ட பெயரே நிலைத்தது. சொல்லின் அமைப்பில் குறையில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

பெட்டியைப் புரட்டிப் பார்த்த பிட்டர், அறிவுள்ள எவரும் சொல்லக்கூடியதைச் சொன்னார். “ரெண்டு டியூப்பையும் ஒண்ணாச் சேத்துட்டாப் போதும். தண்ணி பொட்டிக்குள்ளயே போவாது, எப்பிடி ஒழுகும்? இந்த வெயில்ல யாருக்குங்க இது வேணும்?” இதை நான் துரையிடம் ஆங்கிலத்தில் கூறினேன். அவர் தம் சுருட்டின் சாம்பலைத் தட்டிவிட்டு, அம்மையாருக்கு வேண்டும் என்றார். அத்தோடு அந்த அறிவு முடிந்தது.

வண்டிப் பொறியின் நீர்த்தொட்டிக்குள் கெட்டிக் கஞ்சியை ஊற்றினால் அது நீரோடு ஓடிப் போய் ஓட்டையில் படிந்து அடைத்துக்கொள்ளும் என்பது அக்கால லோரிக்காரர்களின் கைவைத்தியம். பிட்டர் அதை நம்பினார். ஆனால் கஞ்சிக்கு எங்கே போவது? காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது என்று வீட்டு அடுப்பில் அரிசி வைக்கவே தடை விதித்திருந்தார்கள். முள்வேலிக்குள் ஒரு பொதுச் சமையற்கூடம். அங்கே காவலர்முன் சோறு வடித்து, தலைக்கு இவ்வளவு என்று அளந்து போடுவார்கள். பிட்டர் ஒரு வாளியோடு அங்கே போய் நின்றார். சோறு வடித்த அம்மாள் கரண்டியை ஓங்கினாள்.

“ஏய்யா பிட்டரு, எம்புள்ளைங்க நீராகாரம் இல்லாம கெடக்குது, கஞ்சிய காருக்கு ஊத்தப்போறியா?”

“எனக்கா கேக்குறேன்? துரைசானி காலுக்கு ஆயா.”

“அவ காலுக்கு எதுக்குடா கஞ்சி? பசிக்குதாமா அதுக்கு?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காவலருக்குத் தமிழ் தெரியாது. அவரும் சேர்ந்து சிரித்தார். பிட்டர் வாளி நிறையக் கஞ்சி கொண்டு வந்தார்.

ஒழுக்கு நின்றது. துரை மகிழ்ந்தார். துரைசானி மலைக்குப் போனார். திரும்பி வந்தபோது வண்டியின் கண்ணாடிகள் நான்கும் இறக்கிவிடப்பட்டிருந்தன. அம்மையார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். கஞ்சி ஓட்டையை அடைத்ததோடு நிற்கவில்லை. செம்புத் தகடுகளுக்கிடையே தங்கி, மலையேற்றத்தில் வெந்து, நிறுத்திவைத்த நாள்களில் புளித்து, மீண்டும் வெந்து, பெட்டியின் மூலைகளிலிருந்து கசிந்திருந்தது. கீழே விரித்திருந்த கம்பளம் அதைக் குடித்திருந்தது. விசிறியைச் சுழலவிட்டால் அந்த மூச்சு முகத்தில் அடிக்கும். துரைசானி அதன்மேல் ஒரு புட்டி வாசனைத் தைலத்தைக் கொட்டச் செய்தார். கழிவு நீர் ஓடும் கால்வாயில் மல்லிகைப் பூவைக் கொட்டினால் எப்படியிருக்கும்? இரண்டும் தனித்தனியே தெரிந்தன. இரண்டும் ஒன்றையொன்று கேவலப்படுத்தின.

பெட்டியைக் கழற்றியே ஆகவேண்டும் என்றானது. கையேட்டை நான் வாசிக்க, பிட்டர் செய்தார். முதலில் நீர்த்தொட்டியை வடித்தார். அது நீராக வரவில்லை. பழுப்பு நிறத்தில், கோழை இழுபடுவதுபோல் இழுபட்டு விழுந்தது. பிறகு பொறிக்குப் பின்புறம் கையைவிட்டு இரண்டு குழாய்களின் பிடிகளைத் தளர்த்தினார். அடுத்து வண்டிக்குள் மல்லாந்து படுத்து, தலையைக் கால்வைக்கும் பள்ளத்திலும் கால்களை இருக்கையின் மேலும் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தாங்கிய மரைகளை ஒவ்வொன்றாகத் திருகினார். “பெட்டியைச் சாய்க்காமல் இறக்குக” என்று கையேடு கூறியதை நான் வாசித்து முடிப்பதற்குள் அது சாய்ந்துவிட்டது.

அந்தக் குழம்பு அவருடைய கன்னத்திலும் கழுத்திலும் வழிந்தது. பசும்பச்சைத் துரு அதில் மிதந்தது. கரப்பான்களின் இறகும் காலும் அதில் ஒட்டியிருந்தன. கம்பளத்தின் அடியில் வெண்புழுக்கள் நெளிந்தன. சோற்றுப்பருக்கைதான் உயிர்பெற்று நகர்கிறதோ என்று ஒரு கணம் எண்ணிவிட்டேன். நான் வெளியே ஓடி, கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன். பிட்டர் எழுந்து உட்கார்ந்து, வாயை இறுக மூடியபடியே கையால் முகத்தை வழித்தார். வேலைக்கு மேற்பார்வையாக நின்ற தோட்டத்துத் தலைமை எழுத்தர், பெரிய கிராணி, தம் வெள்ளைக் காற்சட்டையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஐயே, ஐயே” என்றபடி பின்வாங்கினார்.

செம்புத் தகடுகள் அரித்துப்போயிருந்தன. புதுப்பெட்டி கோலாலம்பூரில் இல்லை. இங்கிலாந்திலிருந்து வரவழைக்க நெடுங்காலம் ஆகும். துரை பெரிய கிராணியை ஒதுக்கி அழைத்து ஏதோ சொன்னார். கிராணி வந்து, என் முன்னிலையிலேயே பிட்டரிடம் கூறினார்:

“சுங்கை சோவுல பழைய இரும்புக் கடை இருக்கு. அங்க இதே மாதிரி வண்டி ஒண்ணு கெடக்கு. துரை அந்தக் கடைக்காரச் சீனத் தவுக்கேகிட்ட பேசிட்டாரு. நீ போயி இந்தப் பொட்டிய மட்டும் கழட்டிக்கிட்டு வந்துடு. யாரு வண்டின்னு கேக்காத. வந்து யார்கிட்டயும் சொல்லாத. புரியுதா?”

“திருட்டு வண்டிங்களா ஐயா?”

“வாய மூடு. துரை சொன்னா செய்.”

அளவு பார்ப்பதற்காகப் பழைய பெட்டியையும் ஒரு கோணியில் போட்டுக் கட்டிக்கொண்டு பிட்டர் புறப்பட்டார். புக்கிட் ரோத்தான் காப்பிக்கடை முன்னால் லோரிக்காகக் காத்திருந்தபோது, கடைக்குள்ளிருந்த ஒரு நண்பர் குரல் கொடுத்தார். அங்கே நடந்த பேச்சைப் பிட்டர் பின்னாளில் எனக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

“எங்கய்யா மூட்டையும் கையுமா? என்னா இந்த நாத்தம் நாறுது?”

“சுங்கை சோவுக்குப் போறேன். சூட்டுப் பொட்டி ஒண்ணு எடுத்தாரணும்.”

“யாருக்கு?”

“துரைசானிக்குத்தான். மலைக்குப் போற வழியில கால்லயே சூடு வைக்கணுமாம்லா அந்த அம்மாளுக்கு.”

கடையே சிரித்ததாம். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சாதாரண உடையில் அமர்ந்திருந்த ஒரு தமிழ்த் துப்பறிவாளர்.

அவர்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தாலும் மொழியறிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சூடு என்னும் சொல் அந்த ஆண்டுகளில் நோயுற்றிருந்தது. “நேத்து கெர்லிங்ல சூடாம்” என்றால் அது வெயிலைக் குறிக்காது. அங்கே யாரோ சுடப்பட்டார் என்று பொருள். “சூடு கேட்டுச்சா?” என்று காலையில் அண்டை வீட்டாரை விசாரிப்பார்கள். காப்பி சூடாக இருக்கிறதா என்று கேட்பதற்குக்கூடச் சிலர் “கொதியா இருக்கா?” என்றார்கள். அப்படிப்பட்ட காலத்தில், மலைக்குப் போகும் துரைசானிக்கு வழியிலே சூடு வைப்பதற்காக ஒருவன் சூட்டுப் பெட்டி வாங்கப் போகிறான் என்பது அந்தத் துப்பறிவாளரின் காதில் எப்படி விழுந்திருக்கும்? தோட்டாப் பெட்டி என்று விழுந்தது. அவர் கையிலிருந்த காப்பியைக் குடித்து முடிக்காமலே எழுந்து போயிருக்கிறார்.

பிட்டர் திரும்பி வந்த லோரியைச் சாலைத் தடுப்பில் நிறுத்தினார்கள். அவரைக் கோணியோடு இறக்கிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பிட்டர் அங்கே, “எங்க வாத்தியாரக் கேளுங்க, பொஸ்தகத்துல இருக்கு” என்று மன்றாடியதால், ஜீப் அனுப்பி என்னையும் கையேட்டையும் வரவழைத்தார்கள். நான் ஏறும்போது பிட்டரின் மனைவி இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்தார். “கப்பல்ல ஏத்திடுவாங்களா தம்பி?” என்று கேட்டார். அவர் காரணமில்லாமல் கேட்கவில்லை. ஐயத்தின்பேரில் பிடிபட்டவர்களை விசாரணையின்றி அடைத்துவைப்பதும், பிறகு குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றுவதும் அப்போது நடந்துகொண்டுதான் இருந்தன. பிட்டரையும் ஏற்றுவார்களா என்பது எனக்குத் தெரியாது.

காவல் நிலையத்தில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். இளைஞர், கண்ணுக்குக் கீழே தூக்கமின்மை கறுத்திருந்தது. மேசைமேல் கோணி கிடந்தது. துப்பறிவாளர் கைகளைக் கட்டிக்கொண்டு, பெரும்புலியைப் பிடித்தவர்போல் நின்றார். இன்ஸ்பெக்டர் கோணியை அவிழ்க்கச் சொன்னார். முதலில் வெளியே வந்தது பழைய பெட்டி. அதைத் துப்பறிவாளர் அவசரமாகத் தலைகீழாகத் தூக்கினார்.

உள்ளே எஞ்சியிருந்த குழம்பு முழுவதும் மேசைமேலிருந்த தாள்களின்மீதும் இன்ஸ்பெக்டரின் மடியிலும் கொட்டியது. அந்த அறையில் எழுந்த நாற்றத்தை நான் மீண்டும் எழுத விரும்பவில்லை. வாயிலில் நின்ற காவலர் வெளியே ஓடினார். இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, என்ன இழவு இது என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

“அரிசிக் கஞ்சி, ஐயா” என்றேன் நான்.

பிறகு விளக்கினேன். கையேட்டைத் திறந்து படத்தைக் காட்டினேன். சூடு என்றால் தமிழில் முதற்பொருள் வெப்பம். பின்னர்தான் மற்றது என்றேன். துப்பறிவாளரைப் பார்த்து, “நீங்கள் குளித்துவிட்டுச் சூடாகச் சோறு உண்பதில்லையா?” என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. இன்ஸ்பெக்டரின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. பிட்டர் என்னைப் பார்த்த பார்வையில் உயிர் திரும்பியிருந்தது. எல்லாம் முடிந்தது என்று இருவரும் எண்ணிவிட்டோம்.

இன்ஸ்பெக்டர் இரண்டாவது பெட்டியை, சுங்கை சோவிலிருந்து வந்த பெட்டியை, தாமே கையிலெடுத்தார். காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ உருண்டது.

புறத்தகட்டை நெம்பித் திறந்தார்கள். செம்புத் தகடுகளுக்கு ஊறு இல்லை. ஆனால் தகட்டுக்கும் புறக்கூட்டுக்கும் இடையேயிருந்த மூலையில் ஒரு துப்பாக்கிக் குண்டு கிடந்தது. முனை மழுங்கி, சப்பையாகிப்போன குண்டு. அது நுழைந்த துளையைத் தவுக்கே தாரால் அடைத்துக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார். குண்டோடு ஒரு காக்கி நூல் ஒட்டியிருந்தது. நூல் விறைத்து, பழுப்பேறி இருந்தது. அது எதனால் விறைத்தது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

“எந்த வண்டியில் எடுத்தாய்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டதை நான் மொழிபெயர்த்தேன்.

பிட்டர் கையைக் கூப்பினார். “வண்டி பூரா ஓட்டைங்க. தவுக்கேதான் சொன்னாரு, கெர்லிங் ரோட்டுல சுட்டாங்களே, அந்தத் துரையோட வண்டின்னு.”

இன்ஸ்பெக்டர் குண்டை மேசையில் வைத்துவிட்டு, அந்தக் காக்கி நூலை விரல்நுனியால் தொட்டார். அந்தத் துரையை அந்த வண்டியிலிருந்து தூக்கி வெளியே கிடத்தியவர்களில் அவரும் ஒருவர் என்று பிறகுதான் அறிந்தேன். முதலில் கால்களில் சுட்டிருந்தார்களாம். அவர் பேசியபோது குரல் மாறியிருந்தது. இறந்த மனிதரின் வண்டியை அறுக்க உன்னை அனுப்பியது யார்? இந்தக் குண்டை யாரிடம் காட்டிப் பெருமைப்படப் போகிறாய்? பிட்டர் என் கையைப் பற்றினார். “வாத்தியாரே, சொல்லுங்க. துரைதான் அனுப்பினாருன்னு சொல்லுங்க. எம்புள்ளைங்க இருக்கு.”

சொன்னேன். துரையின் கட்டளையைப் பெரிய கிராணி என் முன்னிலையில் கூறினார் என்றேன். இன்ஸ்பெக்டர் என்னை நம்பவுமில்லை, பொய்யன் என்று சொல்லவுமில்லை. தொலைபேசியை எடுத்துத் துரையை வரச் சொன்னார்.

துரை தம் நாறும் வண்டியிலேயே வந்தார். பெரிய கிராணி உடன் வந்தார். துரைசானியும் வந்திருந்தார், நாற்றம் தாங்காமல் வண்டியை விட்டு இறங்கி, வாயிற்படியருகே குடை பிடித்து நின்றார்.

இன்ஸ்பெக்டர் குண்டைக் காட்டினார். எந்த வண்டியின் பெட்டி என்பதையும் சொன்னார். துரையின் முகத்தில் நிறம் வடிந்ததை நான் கண்டேன். கெர்லிங்கில் இறந்தவர் அவருடைய நண்பர். ஒரே வெள்ளைக்கார மன்றத்தில் குடித்தவர்கள், ஒன்றாகப் பந்தாடியவர்கள். அவருடைய சவப்பெட்டியைத் தோளில் தாங்கியவர்களில் நம் துரையும் ஒருவர். அப்படிப்பட்டவர், நண்பரின் இரத்தம் காய்ந்த வண்டியிலிருந்து மனைவியின் காலுக்குக் கதகதப்பு வாங்க ஆளனுப்பினார் என்பது மற்ற வெள்ளைக்காரர்களின் காதுக்குப் போனால் அவர் அந்த மன்றத்தில் தலைநிமிர முடியாது. அவர் ஒரு சொல் சொன்னால் பிட்டர் வீட்டுக்குப் போவார். சொல்லாவிட்டால் பிட்டர் எங்கே போவார் என்பது அந்த அறையிலிருந்த எல்லாருக்கும் தெரியும்.

துரை தொண்டையைக் கனைத்தார். “ஒரு பெட்டி கிடைக்குமா என்று பார்க்கச் சொன்னது உண்மை. எங்கே போய் எடுத்தான் என்று எனக்குத் தெரியாது. இந்த ஆட்கள் எதையும் செய்வார்கள்.”

இன்ஸ்பெக்டர் கிராணியின் பக்கம் திரும்பினார். கிராணி துரையின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “விலை விசாரிச்சிட்டு வரச் சொன்னேன் சார். கழட்டச் சொல்லல.”

“ஐயா!” என்றார் பிட்டர்.

துரையும் கிராணியும் அந்த மேசையோரம் நின்ற தோற்றம் என் கண்ணை விட்டு அகலவில்லை. சலவை செய்த வெள்ளை உடை, மெருகிட்ட காலணி, வாரிவிட்ட தலை. மேசையில் கொட்டிக் கிடந்த கஞ்சியைவிட அவர்கள் எனக்கு அதிகமாக நாறினார்கள்.

அப்போது, காத்திருந்து சலித்த துரைசானி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். பழைய பெட்டியைக் கண்டு முகஞ்சுளித்தவர், புதிய பெட்டியைக் கண்டதும் மலர்ந்தார்.

“அட, வந்துவிட்டதே!” என்றார் கணவரிடம். “இது அவருடைய வண்டியில் இருந்ததுதானே? சுங்கை சோவில் அந்தச் சீனர் நமக்காக எடுத்துவைப்பார் என்று நீங்கள் சொன்னீர்களே. குழாய்களையும் சேர்த்து வாங்கச் சொன்னேனே, வாங்கினார்களா?”

அம்மையார் எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தாம் என்ன பிழை செய்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை. இறந்தவரின் பெயரையும் சொன்னார். பாவம், அவருக்கு இனி அது எதற்கு என்றார். அவரிடம் கூச்சம் என்று ஒன்று கடுகளவு இருந்திருந்தால் பிட்டர் அன்று சிறைக்குப் போயிருப்பார். ஒரு குடும்பம் பிழைத்தது அந்த அம்மையாரின் வெட்கமின்மையால்.

இன்ஸ்பெக்டர் துரையைப் பார்க்கவில்லை. குண்டையும் நூலையும் ஓர் உறையிலிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தார். பெட்டியைத் துரையின் பக்கமாக விரலால் தள்ளினார். பிறகு பிட்டரிடம், போகலாம் என்று கையைக் காட்டினார். மன்னிப்பு என்ற சொல்லுக்கு எந்த மொழியிலும் வேலை வரவில்லை. நாங்கள் வாயிலைத் தாண்டும்போது துப்பறிவாளர் பிட்டரைத் திரும்ப அழைத்தார்.

“ஏய், இந்த மேசைய யாரு தொடைக்கிறது?”

பிட்டர் திரும்பிச் சென்று, தம் கோணியாலேயே மேசையைத் துடைத்தார்.

துரை எங்களை வண்டியில் ஏற்றவில்லை. லோரியின் பின்புறம் கோணியோடு அமர்ந்து வந்தோம். ரப்பர்க் காடு தொடங்கும் இடத்தில் பிட்டர் திடீரென்று கேட்டார்:

“வாத்தியாரே, அன்னிக்கு ஒரு பேரு சொன்னீங்களே. நல்ல தமிழுல. என்னாது அது?”

“வெப்பக்கலம்.”

“வெப்ப…” என்று சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். “அதுவும் வேணாம். ‘வெப்பன்’னு, இங்கிலீசுல துப்பாக்கின்னு, எவனாச்சும் கேட்டுத் தொலைப்பான். தூக்குல போட்டுருவானுங்கலா.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், லோரியின் பக்கப்பலகையில் தலையைச் சாய்த்து, வெளியே எட்டி வாந்தியெடுத்தார். கொட்டகையில் முகமெல்லாம் வழிந்தபோதும் எடுக்காத வாந்தி.

மறுநாள் அவர் அந்தப் பெட்டியைப் பொருத்தினார். பொருத்தாமல் இருக்கமுடியுமா? மண்ணெண்ணெய் ஊற்றி, சோப்பு நீர் ஊற்றி, மீண்டும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார். தாரை எடுத்துவிட்டுத் துளையில் ஈயம் வைத்து அடைத்தார். குழாய்களைச் செருகிப் பிடிகளை முடுக்கி, பொறியை இயக்கி, கையை வைத்துப் பார்த்தார். சூடு வந்தது. நான் கையேட்டை வாசிக்கவில்லை; அவருக்கு அது இனித் தேவைப்படவுமில்லை. துரைசானி மலைக்குப் போய் வந்து, கால் மிக இதமாக இருந்தது என்று சொன்னாராம். பெரிய கிராணி அதைப் பரிசுபோல் எங்களிடம் கொண்டுவந்து கூறினார். பிட்டர் அவர் காலடியருகே துப்பினார். வெற்றிலைதான் போட்டிருந்தார்; ஆயினும் கிராணி காலை இழுத்துக்கொண்டார்.

சில வாரங்களுக்குப் பிறகு பள்ளிக்கு எழுதுபலகை வாங்க நான் கோலசிலாங்கூருக்குப் போகவேண்டியிருந்தது. துரை அவ்வழியே போவதாகக் கூறி ஏறச் சொன்னார். பின்னிருக்கை முழுவதும் துரைசானியின் பெட்டிகள். ஆகவே முன்னால், அவர் பக்கத்தில் அமர்ந்தேன். புதுக் கம்பளம் போட்டிருந்தார்கள். வாசனைத் தைலம் மணத்தது. அதற்கடியில், தேடினால் கிடைக்கும்படி, கஞ்சியும் இருந்தது.

தோட்டத்து வாயிலைத் தாண்டியதும் மழை பிடித்தது. துரை நல்ல மனநிலையில் இருந்தார். தம் வண்டியின் பெருமையைக் காட்டவோ என்னவோ, குமிழைத் திருகினார். விசிறி முனகியது. என் முழங்காலுக்குக் கீழே, சரியாக அந்த இடத்தில், வெதுவெதுப்பான காற்று வந்து படிந்தது. கையேட்டின் படத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டியிருந்த அதே திசையில், அதே உயரத்தில். எனக்கு அந்த நூல் நினைவுக்கு வந்தது. அது ஒட்டியிருந்த குண்டு ஒருவரின் கால்களைத் துளைத்து வந்த வழியும் நினைவுக்கு வந்தது.

நான் இரண்டு கால்களையும் மடக்கி இருக்கையின் விளிம்புக்கு ஏற்றிக்கொண்டேன். ஆசிரியன் ஒருவன் துரைமுன் அப்படி உட்காரலாகாது. துரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தோட்டத்தில் கற்ற தமிழில் கேட்டார்:

“என்னா வாத்தியார், சூடு?”

“ஆமாம் துரை” என்றேன். “சூடுதான்.”

அவர் விசிறியை அணைக்கவில்லை. கோலசிலாங்கூர்க் கடைத்தெரு வரும்வரை நானும் காலை இறக்கவில்லை.